காலஞ்சென்ற குடியிருப்பாளர்

உள்ளறைக் காற்று வாரியத்தில் பதினேழு வருஷம் தட்டச்சராகக் குப்பை கொட்டியவன் நான். யார் யாருக்கோ கடிதம் அடித்திருக்கிறேன். செத்துப்போன ஒரு பெண்ணுக்கு, இன்னும் ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை என்று விளக்கம் கேட்டு அடித்தது ஒரே ஒரு முறைதான். அடித்தபோது ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

வாரியத்தோடு மல்லுக்கட்டும் பாக்கியம் வாய்க்காதவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் இருக்கிற காற்று எங்களுடையது. வெளியே இருக்கிற காற்றுக்கு வேறொரு வாரியம். ஜன்னல் எந்த வாரியத்தைச் சேர்ந்தது என்பதில் இரண்டுக்கும் இருபது வருஷத் தகராறு. அது தீரும்வரை, எங்கள் பெட்டி இருக்கும் வீட்டில் யாரும் ஜன்னலைத் திறக்கக் கூடாது. பெட்டி என்பது காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின். நெஞ்சு நோயாளி உள்ள வீட்டுக்கு வாரியமே பார்த்து ஒதுக்கும். கடையில் வாங்கி மாட்டினால் குற்றம், ஏனென்றால் அது எங்களைக் கேட்காமலே வேலை செய்யும்.

பெட்டியின் நெற்றியில் ஒரு விளக்கு உண்டு. காற்று சரியாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், கெட்டிருந்தால் சிவப்பு. அந்த நிறம் கம்பி வழியாக எங்கள் அலுவலகத்துக்குத் தானாக வந்துவிடும். முப்பது நாள் சிவப்பு எரிந்தால், நடுவில் சில மணி நேரம் பச்சை வந்துபோனாலும், அது மூச்சுக்குத் தகுதியற்ற வீடு. அங்கே பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், வாரியத்தின் வண்டி வந்து தூய சுவாச விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். வீடு பச்சையானதும் பிள்ளையைத் திருப்பித் தருவோம் என்று விதியில் இருக்கிறது. அப்படித் திருப்பித் தந்த ரசீது எதையும் நான் அடித்ததில்லை.

தராசுக்காரர் எங்களிடம் வந்தது மனைவிக்காக. கடைத்தெருவில் கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்ப்பவர் அவர். எடைக்கல்லும் திருப்புளியும் போட்ட தோல்பையோடு இருபத்திரண்டு வருஷமாக அலைகிறார். மனைவி மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கும் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடும் நிலைக்கு வந்திருந்தார். ஒன்பது வயதில் ஒரு மகள். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, இந்த வாரத்துக்குள் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று வைத்துவிடுங்கள் என்றாராம்.

வாரம் என்று டாக்டர் சொன்னது எங்கள் அலுவலகத்தில் பதினாலு மாதம் ஆனது.

தேர்வு ஆலோசகர் என்று எங்களிடம் ஒருவர் இருந்தார். மெஷினைப் பொதுமக்களே சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க உதவுவது அவர் வேலை. தராசுக்காரர் அளவு தெரிந்த மனிதர் அல்லவா, அறையை அளந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார்: நீளம் பன்னிரண்டடி, அகலம் பத்தடி, உயரம் ஒன்பதடி. மணிக்கு எவ்வளவு காற்றை இழுக்கும், நோயாளி தலைமாட்டில் வைத்தால் எவ்வளவு இரையும், ஃபில்டரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். ஆலோசகர் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அளவைப் பத்தியெல்லாம் நீங்க கவலைப்படாதீங்க, அது எங்க கவலை. உங்களுக்கு எந்தக் கலர் வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

மூன்று நிறங்கள் இருந்தன. வெள்ளை, பால் வெள்ளை, பழைய வெள்ளை. வீட்டில் கலந்து பேசிப் பால் வெள்ளை என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு விண்ணப்பம். நோயாளி ஒரு நாளைக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று அதில் ஒரு கேள்வி. கணவரும் மகளும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். அந்தம்மா நடுநடுவே சிரித்துக் கணக்கைக் கெடுத்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வைத்தாராம். ஒருவழியாக எண்ணிக்கை எழுதி அனுப்பினால், சராசரிக் குடிமகனின் மூச்சோடு இது ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினோம். அந்தக் கடிதத்தை அடித்ததும் நான்தான்.

பெட்டி வந்து சேர்ந்தது. வெள்ளையில். கூடவே வாரியத்தின் மெக்கானிக்கும் வந்தார். பெட்டிக்குப் பூஜ்யம் வைத்து முத்திரையிட வேண்டுமே. எது நல்ல காற்று என்று பெட்டிக்குத் தானாகத் தெரியாது. ஒரு காற்றைக் காட்டி இதுதான் சரி என்று சொல்லிவிட்டால், அதிலிருந்து எவ்வளவு விலகினாலும் தப்பு என்று விளக்கை மாற்றும். அதற்குப் பெயர் பூஜ்யம் வைப்பது. எங்கள் விதி இப்படி: அறை வழக்கமான பயன்பாட்டில் இருக்க, நோயாளி உள்ளே இருக்க, கதவும் ஜன்னலும் மூடியிருக்க, பூஜ்யம் வைக்கப்பட வேண்டும்.

அப்படியே வைத்தார்கள். அறையில் வழக்கப்படி தைலக் குப்பி திறந்திருந்தது. நெஞ்சுக்கு வேது பிடித்த வெந்நீர்ப் பாத்திரம் ஆவியோடு கட்டிலடியில் இருந்தது. அந்தம்மா எத்தனை முடியாமல் இருந்தாலும் முகத்துக்குப் பவுடர் போடாமல் இருக்க மாட்டார். அந்த வாசனையும் இருந்தது. அவர் எப்போதும் போர்த்திக்கொள்ளும் பழுப்பு நிறக் கம்பளிச் சால்வையும் இருந்தது. மூன்று நிமிஷம் இருமாமல் இருக்கும்படி மெக்கானிக் கேட்டுக்கொண்டார். அந்தம்மா இருமவில்லை. முகம் சிவந்து கண் பிதுங்க அடக்கிக்கொண்டார். பெட்டியில் பச்சை எரிந்தது. மெக்கானிக் பூஜ்யத் திருகின்மேல் ஈய முத்திரையை அழுத்திவிட்டுப் போனார்.

"ஆபீசுக்காக மூச்சையே அடக்கியாச்சு. எனக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுங்க" என்று அந்தம்மா கணவரிடம் சொன்னார். பெட்டியைப் பார்த்து, "முறைக்கிறதைப் பாருங்க, உங்க அம்மா மாதிரியே" என்றும் சொன்னாராம்.

பன்னிரண்டு நாள் பச்சை எரிந்தது. பன்னிரண்டாம் நாள் காலை அவர் இறந்துபோனார்.

இதுவரை சொன்னதில் பாதிக்கு மேல் தராசுக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னது. அவர் எப்படி என்னிடம் வந்து சொல்ல நேர்ந்தது என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன் சிவப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இறந்த மறுநாள் உறவுக்காரப் பெண்கள் அறையைக் கழுவி, படுக்கையை உதறி, தைலம் பவுடரையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு மூடி, சால்வையை மடித்துப் பீரோவில் வைத்தார்கள். அன்று சாயங்காலம் விளக்கு மஞ்சளானது. விடிந்தபோது சிவப்பு. சிவப்பு வந்தால் பெட்டியின் விசிறி தானாக வேகமெடுக்கும். அது சாதாரண இரைச்சல் இல்லை. நடுவில் ஒரு விம்மல் போல ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். ஆளில்லாத அறையில் காற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது.

தராசுக்காரர் ஃபில்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். தரையை மூன்று முறை துடைத்தார். சமையலறைக் கதவைச் சாத்தினார். எதற்கும் சிவப்பு மாறவில்லை.

மகள் அறை வாசலில் நின்று, "அப்பா, அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. துடைத்துப்போட்ட அறையில் அந்தப் பெட்டிக்கு மட்டும் யாரோ தெரிகிறார்கள். அறைக்குள் போகப் பயமாக இருந்தது, போகாமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, கட்டிலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாராம். சிவப்பு வெளிச்சம் தலையணைமேல் விழுந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் எங்கள் ஆய்வாளர் போனார். நல்ல மனிதர், நாற்பது வயது, எதையும் விதிப்படி செய்கிறவர். காற்றை அளக்கும் கருவி பழுதாகி நாலு வருஷமானதால் மூக்கால்தான் ஆய்வு செய்வார். நாலு மூலையிலும் மோந்து பார்த்தார். கட்டிலடியில் படுத்து மோந்தார். சிறுமியை ஊதச் சொல்லி அதையும் மோந்தார். புகை இல்லை, தூசி இல்லை, பூஞ்சை இல்லை. முப்பது நாள் ஆனால் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று நினைவூட்டினார். தராசுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

"பயப்படாதீங்க. என் பையனே ஆறு மாசமா விடுதியிலதான் இருக்கான்" என்று ஆய்வாளர் ஆறுதல் சொன்னாராம். "எங்கம்மாவுக்காக வச்ச பெட்டி. அவங்களுக்கு உடம்பு சரியாகி அண்ணன் வீட்டுக்குப் போனாங்க. போன மறுநாளே எங்க வீடு சிவப்பாயிடுச்சு. என்ன காரணம்னு எனக்கே தெரியல, நானே ஆய்வு பண்ணி நானே எழுதிக் குடுத்துட்டேன். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வாரியத்தில் நாற்பத்தி நாலாம் விதி என்று ஒன்று இருக்கிறது. காற்று கெட்டதற்கான காரணத்தை உயிரோடு இருப்பவர்களிடமும் பொருள்களிடமும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த வீட்டில் கடைசியாகப் பதிவான நோயாளியே காரணம் என்று கொள்ளப்படும். நோயாளி குணமாகிப் போயிருந்தால் கோப்பு அவர் பின்னால் அலையும். அலைந்து அவரைப் பிடிப்பதற்குள் முப்பது நாள் முடிந்து பிள்ளை விடுதிக்குப் போயிருக்கும். இறந்தவர் எங்கும் போவதில்லை என்பதால் இந்தக் கோப்பு சுறுசுறுப்பாக நகர்ந்தது. பதினைந்தாம் நாள் என் மேஜைக்கு வந்தது.

'காலஞ்சென்ற குடியிருப்பாளருக்கு,' என்று அடித்தேன். 'தாங்கள் மேற்படி வீட்டின் காற்றில் அனுமதியின்றித் தங்கியிருப்பதாக வாரியத்தின் சாதனம் தெரிவிக்கிறது. தாங்கள் இறந்த பிறகும் ஏன் வெளியேறவில்லை என்பதற்கு நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டும். வரத் தவறினால் ஒருதலையாக முடிவு செய்யப்படும்.' நகல், கணவருக்கு.

தபால்காரரிடம் மனைவிக்காகக் கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். மகள் எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்துவிட்டாள். அம்மாவைப் போகச் சொல்லாதீர்கள் என்று அவள் அழுதாள். அம்மா போகாவிட்டால் உன்னைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்த ராத்திரியெல்லாம் பெட்டி விம்மியது.

இருபதாம் நாள் சாயங்காலம் அவர் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. இரைச்சலே இல்லை. பெட்டி கெட்டுவிட்டது, அதற்கும் நம்மேல்தான் பழி வரும் என்று பதறிக்கொண்டு ஓடினார். அறையில் பச்சை எரிந்தது. மகள் அம்மாவின் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நெற்றியில் தைலம். படுக்கை முழுக்கப் பவுடர் சிந்தியிருந்தது.

"சத்தம் போடாதீங்கப்பா" என்றாள். "அம்மாவை ஒளிச்சு வச்சிருக்கேன்."

அவருடைய தொழில்காரப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. சால்வையைக் கேட்டு வாங்கிக் கூடத்தில் வைத்தார். குப்பியை மூடினார். மகளை முகம் கழுவ அனுப்பினார். பவுடரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால் மணியில் மஞ்சள், பிறகு சிவப்பு. சால்வையைக் கொண்டுவந்து விரித்து, குப்பியைத் திறந்து, பவுடரைக் கொட்டினார். கால் மணியில் பச்சை. சந்தேகமான தராசில் ஒரே கல்லை வைத்து வைத்து எடுத்துப் பார்ப்பதுபோல மூன்று முறை செய்து பார்த்தார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெட்டி அறையில் யாரையும் கண்டுபிடிக்கவில்லை. மனைவி இருந்த காற்றைக் காட்டி இதுதான் சரி என்று சொல்லிவைத்தார்கள். அவள் இல்லாததைத்தான் அது இத்தனை நாளாகக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது.

இருபத்தி நாலாம் நாள் விசாரணை. நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் விசாரணைக் கூடத்திலும் ஒரு பெட்டி உண்டு. அதன் விளக்கில் பச்சைக் காகிதம் ஒட்டியிருக்கும். விசாரணை அதிகாரி ஓர் அம்மையார். மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள், ஒன்று தராசுக்காரருக்கு, ஒன்று அவர் மனைவிக்கு. மகள் அப்பாவின் பக்கத்தில் நின்றாள், அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சேவகர் வராந்தாவுக்குப் போய், காலஞ்சென்ற குடியிருப்பாளர், காலஞ்சென்ற குடியிருப்பாளர், காலஞ்சென்ற குடியிருப்பாளர் என்று மூன்று முறை கூப்பிட்டார். வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். யாரும் வரவில்லை.

அதிகாரி காலி நாற்காலியைப் பார்த்து, நீங்கள் ஏன் வெளியேறவில்லை என்று கேட்டார். நான் பதில் என்ற இடத்தில் 'மௌனம்' என்று எழுதினேன். அதிகாரி தலையசைத்துவிட்டு, மௌனம் சம்மதம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அப்போது தராசுக்காரர் எழுந்து, ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டார். மூலையில் எங்கள் தபால் எடை போடும் தராசு இருந்தது. அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். அதிகாரியின் பித்தளைக் காகிதப் பாரத்தைத் தட்டில் வைத்து, திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார்.

"இப்ப பாருங்கம்மா. பாரம் தட்டுல இருக்கு, முள் ஜீரோ காட்டுது. சரியா?" என்றார். காகிதப் பாரத்தை எடுத்தார். முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றது. "இப்ப தட்டு காலி. ஆனா தராசு தப்புன்னு சொல்லுது. தட்டுல எதுவும் கூடிப்போகல. இருந்தது போயிடுச்சு, அவ்வளவுதான். எங்க வீட்டுப் பெட்டியும் அதைத்தான் சொல்லுது. என் சம்சாரம் உள்ள இருக்கறப்ப ஜீரோ வச்சாங்க. அவ போயிட்டா. ஜீரோவை மட்டும் மாத்தி வச்சுக் குடுத்துடுங்கம்மா, வேற ஒண்ணும் வேண்டாம். என் பொண்ணை மட்டும் விட்டுடுங்க."

சுவரோரம் நின்றிருந்த ஆய்வாளர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி முன்னால் குனிந்து தராசை நன்றாகப் பார்த்தார்.

"இந்தத் தராசு கெட்டுப் போயிருக்கு" என்றார் சேவகரிடம். "ரிப்பேருக்கு எழுதுங்க."

பிறகு தராசுக்காரரைப் பார்த்துக் கனிவாகப் பேசினார். அந்தப் பேச்சை நான் ஒரு சொல் விடாமல் எடுத்திருக்கிறேன்.

"நீங்க நல்லாப் பேசறீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. நாற்பதாயிரம் வீட்டுல இதே மாதிரிதான் நோயாளியை உள்ள வச்சு ஜீரோ வச்சிருக்கோம். நீங்க சொல்றது சரின்னா, நோயாளி செத்தாலும் சிவப்பு வரும், பிழைச்சுப் போனாலும் சிவப்பு வரும். அப்படின்னா விடுதியில இருக்கற அத்தனை பிள்ளைங்களையும் நாங்க தப்பாக் கொண்டுவந்திருக்கோம்னு ஆகும். வாரியம் இதுவரைக்கும் ஒரு பிள்ளையைக்கூடத் தப்பாக் கொண்டுவந்ததில்ல. அதனால ஜீரோ சரி. எங்க பெட்டி தப்புப் பண்ணினதா ஒரு புகார்கூட ரெகார்டுல இல்ல. புகார் எழுதற பிரிவையே மூடிட்டோம், அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு. தப்பு பண்றது மனுஷங்கதான். செத்தவங்களும் மனுஷங்கதானே?"

உத்தரவு அன்றே வந்தது. காலஞ்சென்ற குடியிருப்பாளர் ஆறு நாளுக்குள் வீட்டுக் காற்றிலிருந்து வெளியேற வேண்டும். முப்பதாம் நாள் இறுதி ஆய்வு. அப்போது ஒரு மணி நேரம் தொடர்ந்து பச்சை எரிந்தால் அவர் வெளியேறியதாகச் சான்றிதழ் தரப்படும், பிறகு அந்த வீட்டை யாரும் ஆய்வு செய்ய மாட்டார்கள். சான்றிதழ் தவறாக இருக்க வாய்ப்பில்லை என்பதால் மறு ஆய்வுக்கு விதியில் இடமில்லை. பச்சை எரியாவிட்டால், வாசலில் நிற்கும் வண்டியில் பிள்ளையை ஏற்ற வேண்டும்.

இருபத்தி ஏழாம் நாள் தபால் தராசைப் பழுதுபார்க்க ஆள் வந்தது. கடைத்தெருவில் தராசு பழுதுபார்ப்பவர் ஒருவர்தானே. அவரேதான் வந்தார். என் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கெடாத தராசைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே, எண்ணெய் போட்டுக்கொண்டே, நான் மேலே சொன்ன அத்தனையும் சொன்னார். வேலைச் சீட்டில் 'பழுது இல்லை' என்று எழுதினார். அப்படி எழுதினால் அதிகாரி தவறு செய்ததாக ஆகும் என்று கணக்குப் பிரிவு ஏற்கவில்லை. அடித்துவிட்டுப் 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, உங்களுக்குத் தெரியாத வேலையா, அந்த முத்திரையை எடுத்துவிட்டு நீங்களே பூஜ்யத்தைத் திருப்பி வைத்துவிடலாமே என்று கேட்டேன்.

"முத்திரையை உடைச்சதில்ல சார், இத்தனை வருஷத்துல" என்றார். பிறகு கொஞ்ச நேரம் திருகைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பிள்ளைக்காகன்னா அதையும் உடைச்சிருவேன். ஆனா ஜீரோவை மாத்திட்டா அது அவளை மறந்துடும் சார். வந்தவங்க எல்லாம் ரெண்டு நாள் அழுதுட்டுப் போயிட்டாங்க. நான் இன்னும் அழவே இல்ல, அழுகை வரல. அவ இல்ல, அவ இல்லன்னு வீட்டுல கத்திக்கிட்டு இருக்கறது அது ஒண்ணுதான்."

அவர் தோல்பையை மாட்டிக்கொண்டு போன பிறகு அன்று ஒரு கடிதமும் அடிக்க ஓடவில்லை.

முப்பதாம் நாள் காலை நானும் போனேன். சான்றிதழை அங்கேயே அடித்துத் தர வேண்டும் என்று கையடக்கத் தட்டச்சு மெஷினோடு என்னை அனுப்பினார்கள். வாசலில் வண்டி நின்றது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்தே வைத்திருந்தார். தராசுக்காரர் கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டு, உடனே சாத்தினார்.

அறைக்குள் காலடி வைத்தேன். கட்டிலில் படுக்கை விரித்திருந்தது, தலையணையில் தலை பதிந்த குழிவு. ஆள் படுத்திருப்பதுபோல் பழுப்புச் சால்வை நீளமாகப் போர்த்தியிருந்தது. தலைமாட்டில் தைலக் குப்பி திறந்திருந்தது. கட்டிலடியில் வெந்நீர்ப் பாத்திரத்திலிருந்து ஆவி எழும்பியது. காற்றில் பவுடர் வாசனை. எடுத்த கற்களையெல்லாம் ஒன்று விடாமல் தட்டில் திரும்ப வைத்திருந்தார். நான் அந்தம்மாவை உயிரோடு பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன் என்றுதான் சொல்வேன். சற்றுமுன் எழுந்து பக்கத்து அறைக்குப் போனவர் இதோ வந்துவிடுவார் என்பதுபோல இருந்தது. மகள் கட்டில் ஓரத்தில் சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, முகம் சிவந்திருந்தது.

பெட்டி சத்தமே இல்லாமல் ஓடியது. பச்சை.

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மூக்கைப் பற்றி முன்பே சொன்னேன். ஊரிலேயே பயிற்சி பெற்ற மூக்கு அது. ஒருமுறை ஆழமாக இழுத்தார். கட்டிலைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். விசாரணையில் காகிதப் பாரத்தை எடுத்ததும் கீழே போன முள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும், வாசலில் நிற்கும் வண்டி நிரம்பிவிடும்.

ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். வெளியே ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

நேரம் முடிந்ததும் ஆய்வாளர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். சிறுமி பக்கத்தில் குனிந்தார்.

"எங்கம்மா மூட்டுவலிக்கு வேற தைலம் போடுவாங்க, பாப்பா. பச்சை மூடி போட்டது" என்றார். "அவங்க போர்வையைத் துவைச்சுட்டோம். என்ன செய்யறது?"

"உங்க அம்மா இருக்காங்கல்ல? திரும்பக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி வாசகத்தைச் சொன்னார். நான் ஜன்னல் திட்டில் மெஷினை வைத்து அடித்தேன். 'மேற்படி காலஞ்சென்ற குடியிருப்பாளர் இவ்வீட்டின் காற்றிலிருந்து முழுமையாக வெளியேறிவிட்டார் என்றும், அவர் இருந்ததற்கான அடையாளம் எதுவும் இவ்வறையில் இல்லை என்றும் இதனால் சான்றளிக்கப்படுகிறது.' காகிதத்தை உருவித் தராசுக்காரரிடம் நீட்டினேன். கணவர் படித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்பது விதி.

அவர் படித்தார். முழுமையாக வெளியேறிவிட்டார் என்ற இடத்தில் விரல் நின்றது. சால்வையைப் பார்த்தார். பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போட வேண்டிய இடம் அவருக்குத் தெரியவில்லை. மகள் விரலை வைத்துக் காட்டினாள். முப்பது நாளாக வராத அழுகை அந்தக் காகிதத்தின்மேல் வந்தது. தோள் குலுங்க, வாய்விட்டு, கட்டிலில் சாய்ந்து அழுதார். பெட்டி பச்சையாகவே இருந்தது.

ஆய்வாளர் வாசலுக்குப் போய் வண்டியை அனுப்பிவிட்டு வந்தார். சான்றிதழில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: ஆய்வின்போது அறையில் இருந்தோரிடம் காணப்பட்ட உடல் உபாதைகள், அவற்றின் காரணம். எல்லா வீட்டுக்கும் இல்லை என்று ஒரு கோடு போட்டுவிடுவது வழக்கம். நானும் கோட்டுக்காக விரலை வைத்தேன். அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார், கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், பிறகு நிதானமாகச் சொன்னார். சொன்னபடியே அடித்தேன்.

'பெரியவர்கள் மூவருக்கும் கண்ணில் நீர். காற்று காரணமல்ல.'